இலங்கையில் செத்த சிப்பாய்க்கு எள்ளும் தண்ணியும் விடுவது யார்?

இது நீளமான இழை. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்க. பாதியிலேயே நிறுத்திவிட்டுத் திட்ட வருகிறவர்களுக்கு ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எந்தப் பக்கம் நின்று திட்டினாலும், உங்கள் பக்கத்துக்கும் கீழே ஒரு பத்தி இருக்கிறது.

ஒவ்வொரு வருஷமும் நவம்பர் கடைசி வாரம் என் டைம்லைன் இரண்டாகப் பிளக்கும். 25ஆம் தேதி மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் படம், கீழே "வீரவணக்கம்", நாலு கொடி. 26ஆம் தேதி பிரபாகரன் பிறந்தநாள். 27ஆம் தேதி மாவீரர் நாள், கார்த்திகைப் பூ. முதல் படத்தைப் போட்டவர் மற்றதைப் போடமாட்டார். மற்றதைப் போட்டவர் முதல் படத்தின் கீழே போய், "அமைதிப்படையா அது, கொலைப்படை, செத்தவனுக்கு என்ன அஞ்சலி" என்று எழுதிவிட்டு வருவார். பதிலுக்கு "தேசத்துரோகி". மூணு நாள் நடக்கும். அப்புறம் ஏதாவது புயல் வரும், எல்லோரும் அங்கே போய்விடுவோம்.

இந்த மூணு நாளில் ஒருத்தர்கூடக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. பரமேஸ்வரனைத் தவிர இன்னொரு பெயர் சொல்லுங்க, பார்ப்போம்?

1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை இலங்கையில் இறந்த இந்தியச் சிப்பாய்கள் ஏறக்குறைய 1,200 பேர். காயம்பட்டவர்கள் சுமார் 3,000. பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்கரம் கிடைத்தது, அதனால் பெயர் தெரிகிறது. மிச்ச ஆயிரத்துச் சொச்சம் பேரில் நம்ம கடலூர் மாவட்டத்துப் பையன்கள் எத்தனை பேர்? எந்தெந்த ஊர்? தாய் தகப்பன் இருக்காங்களா? "வீரவணக்கம்" போட்டவருக்கும் தெரியாது, "கொலைப்படை" என்று எழுதியவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருவருக்குமே தோன்றியதில்லை. என் சண்டை இதோடுதான்.

நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

1983 கலவரத்துக்குப் பிறகு ஈழப் போராளிக் குழுக்களுக்கு இந்தியாவே பயிற்சி கொடுத்தது. சேலம் மாவட்டம் கொளத்தூரில் முகாம் இருந்தது ஊரறிந்த விஷயம். எம்.ஜி.ஆர். பணம் கொடுத்தார். 1987 ஜூலை 29, கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சண்டை போட்டுக்கொண்டிருந்த புலிகளின் கையெழுத்து அதில் இல்லை. ஆயுதத்தை வாங்கி வைத்து அமைதி காக்கப் போன படை, இரண்டரை மாதத்தில், அக்டோபரில், அதே புலிகளோடு முழுச் சண்டையில் இறங்கியது. ஆபரேஷன் பவன் என்று பெயர். நடுவில் திலீபன் பன்னிரண்டு நாள் உண்ணாவிரதம் இருந்து செப்டம்பர் 26 அன்று இறந்தார். அக்டோபர் 5 அன்று பலாலியில் குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்டோர் சயனைடு கடித்தார்கள். 1989-ல் பிரேமதாசா "வெளியே போ" என்றார், சொன்னதோடு நிற்காமல் புலிகளுக்கு ஆயுதமும் கொடுத்தார். 1990 மார்ச் 24, கடைசிக் கப்பல் கிளம்பியது. சென்னைத் துறைமுகத்தில் வரவேற்பு. முதல்வர் கலைஞர் போகவில்லை.

போகாததற்கு அவர் சொன்ன காரணம், தன் தமிழ்ச் சொந்தங்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்பது. அந்தக் காரணத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன்னால் அங்கே போனவர்கள் யார் என்று பாருங்க. வழக்கமான படைப்பிரிவுகள் மட்டுமில்லை. பிரதேச ராணுவம் என்று ஒன்று உண்டு, டெரிட்டோரியல் ஆர்மி. 1949 அக்டோபர் 9 அன்று அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி தொடங்கி வைத்தது. சொந்தமாக ஒரு வேலை, ஒரு பிழைப்பு இருக்கிறவர்கள் வருஷத்தில் கொஞ்ச காலம் பயிற்சிக்குப் போய்வருவார்கள். கூப்பிட்டால் போக வேண்டும். ஆபரேஷன் பவனுக்கும் அவர்கள் கூப்பிடப்பட்டார்கள். யோசித்துப் பாருங்க. காலையில் ஆபீஸ், மில், வயல் என்று இருக்கிற ஆள். எப்போதோ எழுதிக்கொடுத்த கையெழுத்துக்காக, கண்ணிவெடி புதைத்த ஒரு ஊரில் போய் நிற்கிறான். எதிரே இருப்பவன் பேசுவதும் தமிழ்.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2025 மே மாதம், பாகிஸ்தானோடு சண்டை நடந்த அந்த நாலு நாளில், பிரதேச ராணுவத்தினரைக் கூப்பிட்டுக்கொள்ள ராணுவத் தளபதிக்கு அதிகாரம் கொடுத்து அரசு உத்தரவு போட்டது. 32 காலாட்படைப் பிரிவுகளில் 14. நாம் எல்லோரும் வாட்ஸ்அப்பில் ஏவுகணை வீடியோ பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. ஏதோ ஒரு வீட்டில் ஒருத்தர் லீவு லெட்டர் எழுதிக்கொண்டிருந்திருப்பார்.

இனி என் தொழில் பாஷையில் பேசுகிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்தால் நாங்கள் படிவம் 4 எழுத வேண்டும். இறப்புக்கான காரணத்தை மருத்துவர் சான்றளிக்கும் படிவம். அதில் காரணத்துக்கு ஒரே ஒரு கோடு கிடையாது. அ, ஆ, இ என்று படிப்படியாக இறங்கும். முதலில் உடனடிக் காரணம். அது எதனால்? அடுத்த கோடு. அது எதனால்? அதற்கடுத்த கோடு. கடைசிக் கோட்டில் இருப்பதுதான் அடிப்படைக் காரணம், புள்ளிவிவரத்தில் எண்ணப்படுவது அதுதான். "இதயம் நின்றது, மூச்சு நின்றது" என்று எழுதி நிறுத்தும் ஜூனியர்களை எல்லா ஆஸ்பத்திரியிலும் திட்டுவோம். செத்தால் யாருக்குத்தான் இதயம் நிற்காது?

யாழ்ப்பாணத்தில் கண்ணிவெடியில் செத்த ஒரு சிப்பாய்க்கு இந்தப் படிவத்தை நிரப்புங்க. உடனடிக் காரணம்: மிகுந்த ரத்தப்போக்கு. அது எதனால்? வெடியில் இரண்டு கால்களும் போனதால். அது எதனால்?

இங்கேதான் எல்லோரும் பேனாவை மூடிவிடுகிறார்கள். ஒருத்தர் "நாட்டுக்காக" என்று எழுதுகிறார். இன்னொருத்தர் "செய்த பாவத்துக்காக" என்று எழுதுகிறார். இரண்டுமே "இதயம் நின்றது" வகை. அடிப்படைக் காரணம் எழுத வேண்டிய கோடு காலியாகவே இருக்கிறது.

ஒரு உதாரணம். 1987 அக்டோபர் 11 ராத்திரி, 12 விடியல். புலிகளின் தலைமையைப் பிடிக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் ஆட்களை இறக்கினார்கள். படையின் வானொலிப் பேச்சைப் புலிகள் ஒட்டுக்கேட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். 13ஆவது சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியிலிருந்து இறங்கியவர்கள் 30 பேர். அடுத்த நடை ஹெலிகாப்டர் அவர்களிடம் வந்து சேரவே இல்லை. 29 பேர் செத்தார்கள், ஒருத்தர் பிடிபட்டார். குண்டு தீர்ந்த பிறகு கத்தி பொருத்திக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஓடியதைப் பற்றி நாம் சிலிர்த்துப்போய்ப் பேசுகிறோம். ஒட்டுக்கேட்கப்படும் வானொலியோடு, இடத்தைச் சரியாக வேவு பார்க்காமல் அவர்களை அனுப்பியது யார் என்று மட்டும் பேசமாட்டோம். ஆபரேஷன் தியேட்டரில் இப்படி நடந்திருந்தால் கலெக்டர் வரைக்கும் விசாரணை போயிருக்கும். நானே பதில் சொல்லிக்கொண்டு நின்றிருப்பேன்.

சிப்பாயை மறந்தால் இந்த விசாரணையும் சேர்ந்து மறைந்துவிடும். "அவன் சாவுக்கு நாம் ஏன் வருத்தப்படணும்" என்கிற தமிழ்த் தேசிய நண்பர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். அனுப்பியவர்களைக் கூண்டில் ஏற்ற உங்களிடம் இருக்கிற முதல் சாட்சியே அந்த 1,200 பேர்தான். சாட்சியை எரித்துவிட்டு யார் மேல் வழக்குப் போடுவீர்கள்?

இப்போது வீரவணக்க நண்பர்களிடம் வருகிறேன்.

1987 அக்டோபர் 21. தீபாவளி. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் இந்தியப் படை நுழைந்தது. உள்ளே இருந்து புலிகள் சுட்டார்கள், குறுக்கே மாட்டிக்கொண்டு செத்தார்கள் என்பது ராணுவத் தரப்பு சொன்ன விளக்கம். அங்கே வேலை பார்த்துப் பிழைத்தவர்கள் சொன்னது வேறு. வார்டிலும் எக்ஸ்ரே அறையிலும் பிணம் போல அசையாமல் கிடந்து உயிர் தப்பியவர்கள் அவர்கள். நோயாளிகளும் ஊழியர்களுமாக அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மருத்துவர்கள் பரிமேலழகர், கணேசரத்தினம். மறுநாள் காலை குழந்தை மருத்துவர் சிவபாதசுந்தரம், மிச்சம் இருப்பவர்களையாவது காப்பாற்றலாம் என்று, செவிலியர்களோடு கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவரையும் சுட்டார்கள்.

நான் ஒரு டாக்டர். அந்த வராந்தாவை என்னால் கண்ணை மூடாமலே பார்க்க முடிகிறது. ராத்திரி டூட்டி, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், பக்கத்தில் டிரிப் ஸ்டாண்டு. கையைத் தூக்கினால் போதும், சுடமாட்டார்கள் என்று ஒரு மருத்துவர் நம்பினார். எந்த நாட்டில், எந்தப் போரில் இருந்தாலும் நானும் அதையேதான் நம்பியிருப்பேன். இந்தியா இன்றுவரை இதற்கு வெளிப்படையாக ஒரு விசாரணை நடத்தவில்லை. 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டதற்கும் அதே கதைதான். கலைஞர் துறைமுகத்துக்குப் போகாததை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை என்றேனே, இதனால்தான்.

"இதையெல்லாம் பேசினால் ராணுவத்தை அவமதிக்கிறாய்" என்று வருவீர்கள். இல்லைங்க. அந்த ஆஸ்பத்திரியில் இல்லாத, யாரையும் அப்படிச் சுடாத, எங்கேயோ பதுங்குகுழி ஓரத்தில் செத்துப்போன ஒரு இருபத்திரண்டு வயசுப் பையனை இழுத்து வந்து, அந்தப் பானைக்கு மூடியாகப் போடுகிறீர்களே, அதுதான் அவமதிப்பு. அவனுடைய சாவைக் காட்டி இவருடைய சாவைப் பேசாதே என்றால், அவனையும் சேர்த்தே அந்தக் கொலையில் கூட்டாளி ஆக்குகிறீர்கள். அவனைக் கேட்டா செய்தீர்கள்?

அதே கேள்வியை இந்தப் பக்கம் திருப்புகிறேன். "ஆஸ்பத்திரியில் சுட்டவனும் சிப்பாய்தானே, அப்போ எல்லாச் சிப்பாயும் கொலைகாரன்தான்" என்பவர்களே, ஆளைப் பார்க்காமல் உடுப்பைப் பார்த்து, இனத்தைப் பார்த்துக் கூட்டமாகத் தண்டனை கொடுக்கிற கணக்கு இருக்கிறதே, 83 ஜூலையில் கொழும்புத் தெருக்களில் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு தமிழ் வீடுகளைத் தேடியது அதே கணக்குதான். அதை எதிர்த்துத்தானே நாம் பள்ளி கல்லூரிகளை மூடிவிட்டு ஊர்வலம் போனோம்? சுட்டவன் யாரோ அவனை விசாரி. சுடச் சொன்னவனை அதற்கு முன்னால் விசாரி. செத்துப்போன 1,200 பேருக்கும் ஒரே தீர்ப்பை ஒரே வரியில் எழுதாதே.

ரஜனி திரணகம என்று ஒரு பேராசிரியர் இருந்தார். யாழ்ப்பாண மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக்கொடுத்தவர். 'முறிந்த பனை' எழுதிய நால்வரில் ஒருவர். இந்தியப் படை செய்ததையும் எழுதினார், புலிகள் செய்ததையும் எழுதினார். 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகள்தான் கொன்றார்கள் என்பது பரவலான குற்றச்சாட்டு. இரண்டு பக்கத்துப் பிணத்தையும் எண்ணுவது கோழைத்தனம், நடுநிலை வேஷம் என்று சொல்கிறவர்கள் அவர் கதையை ஒருதரம் படித்துவிட்டு வாங்க.

என்னிடம் வருகிற ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லணும். ஊர், பேர் எழுதமாட்டேன். அடையாளத்தையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். சர்க்கரை, அழுத்தம், மாசாமாசம் மாத்திரை. வலது காலில் முழங்காலுக்குக் கீழே பழைய சில்லு ஒன்று உள்ளேயே இருக்கிறது, எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். "எங்கே பட்டதுப்பா?" என்று முதல்தரம் கேட்டபோது "பார்டர்ல சார்" என்றார். காஷ்மீர் என்று நினைத்துக்கொண்டேன். மூணு வருஷம் கழித்து, தூக்கம் வரலை என்று வந்தபோதுதான் சொன்னார், அது பார்டர் இல்லை, கிளிநொச்சிப் பக்கம் என்று. "ஊருல அப்படித்தான் சார் சொல்லி வெச்சிருக்கேன். பொண்ணு கட்டப் போனப்பவும் பார்டர்னுதான் சொன்னேன். ராஜீவ் செத்ததுக்கு அப்புறம் எதைப் பேசினாலும் வம்பு. ஒருத்தன் நம்மளைப் பார்த்து துப்புவான், இன்னொருத்தன் நீ எத்தனை பேரைப் போட்டேன்னு கேப்பான்."

கூட இருந்த பையன் ஒருத்தன், பக்கத்தில் நடந்துகொண்டே இருந்தவன், மிதித்துவிட்டான். "சார், அவன் அம்மான்னு கத்தினான். எதுத்தாப்புல வீட்டுத் திண்ணையில ஒரு கெழவி, ஐயோ புள்ளைன்னு எந்திரிச்சிடிச்சி. தமிழ்ல கத்தினதால. அப்புறம் எங்க உடுப்பைப் பார்த்துட்டு உள்ள போயி கதவைச் சாத்திக்கிச்சி." முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவருக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது வெடிச் சத்தம் இல்லை, அந்தக் கதவுச் சத்தம்.

பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் இந்த மனநோயை, அமெரிக்க மனநல மருத்துவர்கள் வியட்நாம் போய்வந்தவர்களைப் பார்த்து 1980-லேயே தங்கள் நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நம் ஆள் 1990-ல் திரும்பி வந்தார். அவரிடம் "நல்லாத் தூங்குறியா?" என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. வாய்விட்டுச் சொல்ல இடமில்லாத துக்கம் ரத்த அழுத்தமாகவும் சாராயமாகவும்தான் எங்களிடம் வருகிறது. அதற்கும் மாத்திரை எழுதுகிறோம்.

இதை ஏன் விருத்தாசலத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன்? இது விருத்தகாசி. காசியைவிட வீசம் அதிகம் என்று பெருமை பேசுகிற ஊர். மாசி மகத்தன்று மணிமுத்தாற்றங்கரைக்கு வந்து பாருங்க, எள்ளும் தண்ணியும் விட எத்தனை ஜனம். தாத்தா பெயர் தெரியும், கொள்ளுத்தாத்தா பெயரைச் சித்தப்பாவைக் கேட்டுச் சொல்வார்கள். சுந்தரர் இந்த ஆற்றில் போட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்று கதை சொல்லும் ஊர், கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்பிய பையன்களை எங்கேயும் தேடவில்லை.

தமிழனுக்கு இது புதிதும் இல்லை. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது, ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன் காலம். மாடு பிடிக்க வந்தவர்களோடு நடந்த சண்டையில் செத்த கருந்தேவக்கத்திக்கு எடுத்தது. அவனோடு நின்று சண்டை போட்ட நாயையும் அதில் செதுக்கி, 'கோவிவன்' என்று அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். மாடு பிடிக்க வந்தவன் பக்கம் நியாயமா, மாட்டுக்காரன் பக்கம் நியாயமா என்று தீர்ப்பு எழுதிவிட்டா கல் நட்டார்கள்? ஊருக்காகப் போய்ச் செத்தான், பெயரை வெட்டு. அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த வெள்ளைக்காரன், முதல் உலகப் போர் முடிந்ததும் நம் கிராமங்களில் கல் பதித்தான். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று. வெறும் எண்ணிக்கை. பெயர் கிடையாது. நாம் வெள்ளைக்காரனிடமிருந்து படித்துக்கொண்டது அதைத்தான் போலிருக்கிறது.

பெயர்கள் எங்கே இருக்கின்றன தெரியுமா? டெல்லியில் 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவிடத்துச் சுவரில், சுமார் 26,000 பெயர்களுக்கு நடுவே இருக்கின்றன. இன்னொரு இடம் கொழும்பு. நாடாளுமன்றம் இருக்கும் பக்கம், இலங்கை அரசு கட்டிய நினைவுச்சின்னம். "வெளியே போ" என்று சொன்ன அரசே பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் பிரதமர் மோடி அங்கே மலர்வளையம் வைத்தார். அரசுக்கு அரசு மரியாதை செய்துகொண்டதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் திட்டக்குடியிலிருந்தோ மங்கலம்பேட்டையிலிருந்தோ ஒரு கிழவி மகன் பெயரைத் தொட்டுப் பார்க்கக் கொழும்புக்கா போவாள்?

2014-ல் லண்டன் கோட்டை அகழியில் 8,88,246 பீங்கான் பூக்கள் நட்டார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டன் பக்கமும் அதன் காலனிகள் பக்கமும் செத்த ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்பு பாப்பிப் பூ, கையால் செய்து சுட்டது. டிவியில் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, பொறாமை. பீங்கான் நம்ம ஊர்த் தொழில் சார்! நெய்வேலிக் களிமண், நம்ம சூளை. ஃபியூஸ் கட்டையிலிருந்து பொம்மை, அகல் விளக்கு வரை எங்கெங்கேயோ அனுப்புகிறோம். செராமிக் படிப்புக்கென்றே அரசு கல்வி நிலையம் இங்கே இருக்கிறது. எட்டு லட்சம் வேண்டாம். 1,200 ஓடு. உள்ளங்கை அளவு. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், வயது, ஊர். மேலே கிளேஸ் போட்டுச் சுட்டால் வெயிலுக்கும் மழைக்கும் அழியாது. நம்ம மாவட்டத்துப் பெயர்களை முதலில் சுடுவோம்.

அதே சுவரில், அதே அளவு ஓட்டில், பரிமேலழகர், கணேசரத்தினம், சிவபாதசுந்தரம், அவர்களோடு செத்த செவிலியர்கள், வார்டு ஊழியர்கள், நோயாளிகள் பெயரும் வரணும். இந்த நிபந்தனை இல்லாமல் நான் இதில் இல்லை. "ரெண்டையும் ஒரே சுவரில் எப்படி" என்று இரண்டு பக்கமும் முகம் சுளிப்பீர்கள், தெரியும். அந்தச் சுவரில் யாருக்கும் தியாகி என்றோ துரோகி என்றோ பட்டம் போடப்போவதில்லை. பெயர், வயது, ஊர், தேதி. படிவம் 4-ன் கடைசிக் கோட்டைப் படிக்கிறவர் மனசுக்குள் நிரப்பிக்கொள்ளட்டும்.

முதல் வேலை பட்டியல். கடலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் பாதுகாப்பு அமைச்சகத்துக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு மனு எழுதி வைத்திருக்கிறேன், இந்த வாரம் தபாலில் சேர்க்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ 87-லிருந்து 90-க்குள் அங்கே போய்த் திரும்பாதவர் இருந்தால் கமெண்டில் பெயர் போடாதீர்கள், குடும்பத்தைக் கேட்டுவிட்டு எனக்குத் தனியாக எழுதுங்க. யாழ்ப்பாணத்து நண்பர்கள் ஆஸ்பத்திரிப் பெயர்களைச் சரிபார்த்துக் கொடுத்தால் உதவியாக இருக்கும், எழுத்துப்பிழை வரக்கூடாது. தொழிற்பேட்டையில் சூளை வைத்திருப்பவர்கள், ஒரு ஓடு சுட என்ன ஆகும், எந்த அச்சு, எவ்வளவு நாள் என்று ஒரு கணக்குச் சொல்லுங்க. முதல் ஐம்பது ஓட்டுக்கு என் பணம்.